மதிலுக்கு மேல் அலரி

என் கணவரின் கபுறில் நட்ட குரோட்டன் கொப்பை ஆடு தின்றுவிட்டது என்று தம்பி வந்து சொன்னபோது, அழுகையை விட ஆத்திரம்தான் எனக்கு முதலில் வந்தது. அவரை மண்ணில் அடக்கி ஒரு கிழமைகூட ஆகவில்லை. எங்கள் குறிஞ்சிப்பிட்டி ஆடுகளுக்குக் கபுறும் ஒன்றுதான், கீரைப் பாத்தியும் ஒன்றுதான்.

நான் இத்தாவில் இருந்தேன். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். அது முடிந்தாலும் எங்கள் ஊரில் பெண்கள் கபுறுகள் உள்ள மையவாடிக்குப் போவதில்லை. அவர் தலைமாட்டில் என்ன நிற்கிறது என்பதை நான் என் கண்ணால் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. என் சார்பில் அங்கே ஏதாவது ஒன்று உயிரோடு நிற்க வேண்டும் என்று பிடிவாதமாகத் தோன்றியது.

எங்கள் வீட்டுக் கேற்றடியில் ஓர் அலரி நின்றது. ஆடு மட்டுமல்ல, கழுதைகூட அதில் வாய் வைக்காது. இலையிலும் பாலிலும் நஞ்சு. உப்புக்காற்றுக்கும் மணலுக்கும் அசையாது. அவருக்கு அந்த மரத்தைக் கண்ணில் காட்டக்கூடாது. பாலாவி உப்பளத்துக்கு ஓட்டிய லொறியை உள்ளே எடுக்கும்போதெல்லாம் கண்ணாடியில் இடிக்கிறது என்று கத்தி தேடுவார்; நான் கத்தியை ஒளித்துவைப்பேன்.

“இனி உங்கட தலைமாட்டுலயே நிக்கப்போகுது, என்ன செய்வீங்க பாப்பம்” என்று அவருடைய வெறும் கதிரையைப் பார்த்துச் சொன்னேன். பதில் சொல்ல ஆளில்லாத வீட்டில் பகிடியும் ருசிப்பதில்லை.

பென்சில் தடிப்பில் ஒரு கொப்பு வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, போத்தல் தண்ணீரில் நிறுத்தி, பால் போகக் கையைக் கழுவினேன். மூன்றாம் கிழமை வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. பழைய பெயின்ற் வாளியின் அடியில் ஓட்டை போட்டு, மணலும் சாணமும் கலந்து அதில் நட்டேன்.

பிறகுதான் கஷ்டமான வேலை. மையவாடியில் யார் தண்ணீர் ஊற்றப்போகிறார்கள்? தம்பி வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஒரு போத்தல் ஊற்றினாலே பெரிய விஷயம். ஆகவே இங்கேயே பழக்கிவிட வேண்டும். தினமும் ஊற்றியதை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினேன். பிறகு மூன்று நாளைக்கு ஒரு தரம். கடைசியில் வெள்ளிக்கு வெள்ளி. நிழலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்கு நகர்த்தினேன். ஒரு புதன்கிழமை இலைகள் தொங்கிப்போய் நின்றன. கோப்பையில் தண்ணீர் கொண்டுபோய், ஊற்றாமல் திரும்பினேன். குசினியில் நின்று அந்தத் தண்ணீரை நானே குடித்துவிட்டு அழுதேன். அந்த வீட்டில் என்னை எதிர்பார்த்து நின்ற ஒரே உயிர் அது. அதையும் நான் இல்லாமல் இருக்கப் பழக்கிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை ஊற்றியதும் நிமிர்ந்துவிட்டது.

இத்தா முடிந்ததும் தம்பி வாளியோடு கொண்டுபோய் நட்டான். அதன்பிறகு அவனைக் கண்டால் எனக்கு ஒரே கேள்விதான்.

“மரம் எப்படி?”

“நல்லாத்தான் நிக்குது ராத்தா.”

நாலைந்து வருஷம் அதே பதில். பட்டுப்போயிருந்தாலும் இதையேதான் சொல்வான் என்ற சந்தேகம் எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

போன மாதம் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போனேன். மையவாடி மதில் உயரமானது. இவ்வளவு நாளும் மதில் மட்டும்தான் தெரியும். அன்று மதிலுக்கு மேலே ரோஸ் நிற அலரிப் பூக்கள் காற்றில் ஆடின. ஒரு மரமல்ல, ஐந்தாறு மரங்கள். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொல்ல வாயெடுத்தேன். முன்பின் தெரியாதவளிடம் என்னவென்று சொல்வது? விட்டுவிட்டேன்.

பின்னேரம் தம்பி வந்தபோது கேட்டேன்.

“நம்மட மரத்த ஆடு தின்னல்ல எண்டு கண்டதும், மத்த ஆக்களும் கொப்பு ஒடிச்சு தங்கட கபுறுகள்ல நட்டுட்டாங்க” என்றான்.

“அதுல நம்மடது எது?”

பிளேன்டீக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். “மூணாவது... இல்ல, நாலாவதா வரும் போல. மெய்யச் சொன்னா, நான் உள்ளுக்குப் போய்க் கன நாள் ராத்தா.”

ஏச வாய் வந்தது. அவனுக்கும் குடும்பம், தொழில் என்று ஆயிரம் சோலி. இன்னும் கொஞ்சம் சீனி போடவா என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த தரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது யன்னல் ஓரத்தில் இடம் பிடித்தேன். மதில் தொடங்கியதும் அவருக்கு ஸலாம் சொன்னேன். எந்த மரத்தடியில் அவர் என்று தெரியாததால், மதில் முடியும்வரை சொல்லிக்கொண்டே போனேன்.