டொக்டர் கேட்ட கேள்வி

எங்கள் குடியேற்றத் திட்டத்தில் வீட்டுக்கு வீடு மலேரியா நுளம்புக்கு மருந்து அடித்த பிறகும் என் கணவருக்குக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தது. ஆள் பாதியாகிவிட்டார். மற்றவர்களுக்குச் சுகம் தந்த குளிசை இவருக்கு மட்டும் ஏன் பலிக்கவில்லை என்று விசாரிக்க டொக்டர் வந்தார்.

"இரவில அவர் எங்க படுக்கிறவர்?"

"வீட்டிலதான்" என்றேன். புருஷன் வீட்டில் படுப்பதில்லை என்று எந்தப் பெண்தான் அந்நிய ஆணிடம் சொல்வாள்?

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "இல்லை டொக்டர்! காட்டுப்பண்டிக்குக் காவலெண்டு அவர் வயல் கொட்டிலிலதான் கிடக்கிறவர்."

எனக்கு முகம் எரிந்தது. டொக்டரோ சிரித்துவிட்டார். "அப்ப குளிசையில பிழையில்லை. வீட்டுக்குத்தானே மருந்து அடிச்சது, கொட்டிலுக்கு இல்லையே. கொட்டிலில நுளம்பு வலை கட்டுங்கோ."

கட்டினோம். காய்ச்சல் பிறகு வரவில்லை.

இப்போது எந்த டொக்டர் வந்தாலும், அவர் கதிரையில் இருக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: "என்ர மனிசன் வீட்டில படுக்கிறதில்லை!"