சப்பாத்துக்குள் இருந்த தேசிக்காய்

கலாபகோஸ் தீவுகளுக்குப் புறப்படுவதற்கு முந்திய வாரம் முழுவதும், சுவிற்சர்லாந்தின் வின்டர்தூரில் எங்கள் வீட்டுக் குளியலறைக்குள் இருந்து பல் தீட்டும் பிரஷ்ஷால், மலையேறப் போடும் சப்பாத்தைக் கழுவினேன். அடியில் இருந்த ஒவ்வொரு பள்ளத்தையும் ஊசியால் கிண்டி, தண்ணீரில் அலசி, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். அம்மா இரண்டு தரம் கதவைத் தட்டினார்.

"நீ குளிக்கிறியோ, சப்பாத்தைக் குளிப்பாட்டுறியோ?"

"சப்பாத்தைத்தான் அம்மா. இன்னும் அரை மணித்தியாலம்."

நான் உயிரியல் படிக்கிறவள். பசிபிக் கடலின் நடுவே எரிமலைகள் கக்கி உண்டான அந்தத் தீவுகளில் வாழும் இராட்சத ஆமைகளின் சாணியைக் கிளறி, உள்ளே இருக்கும் விதைகளை எண்ணுவதுதான் என் ஆய்வு. ஆமை பழத்தைத் தின்னும், ஆடி அசைந்து நாட்கணக்கில் நடக்கும், பிறகு எங்கோ ஓரிடத்தில் விதையைப் போட்டுவிட்டுப் போகும். எந்த விதை எங்கே போய்ச் சேருகிறது என்று தெரிந்தால், அந்தத் தீவின் காடு எப்படி நகருகிறது என்று தெரியும். இந்தப் பயணத்தில் ஓர் இடம் கிடைக்க இரண்டு வருடம் காத்திருந்தேன். கோயிலில் கேட்பவர்களுக்கு அம்மா "பிள்ளை ஆராய்ச்சிக்குப் போறா" என்று சொல்லுவார். வீட்டுக்குள் வந்ததும், "ஆமைப் பீ கிளறவோ உன்னை இவ்வளவு படிப்பிச்சனாங்கள்?" என்பார். இரண்டையும் அவர் மனதாரத்தான் சொன்னார்.

ஆனால் கதை கேட்பதில் அவருக்குக் குறைவில்லை. அவர் முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் வேலை முடித்து வந்து, பிட்டுக்கு மா குழைக்கும்போது நான் எதிரே இருந்து சொல்லுவேன். அந்தத் தீவுகள் ஒருநாளும் பெருநிலத்தோடு ஒட்டி இருந்ததில்லை. கடலடியில் இருந்து குழம்பாக எழும்பி, ஆறிக் கறுத்த வெறும் கல். அங்கே இருக்கிற உயிரெல்லாம் தானாக வந்து சேர்ந்தது. சில விதைகள் காற்றில் வந்தன, சில பறவையின் காலில் ஒட்டிய சேற்றில் வந்தன. ஓணானும் ஆமையும் ஆற்று வெள்ளம் அடித்துவந்த மரக்குவியலில் தொற்றியோ, அலையில் மிதந்தோ வந்திருக்க வேண்டும். உப்பையும் பசியையும் தாங்கியவை தப்பின. தவளையால் உப்பைத் தாங்க முடியாது, அதனால் தவளை வந்து சேரவில்லை.

வந்தவை அங்கேயே தங்கி, இடத்துக்கு ஏற்றபடி மாறின. ஈரமான மலைப்பக்கத்து ஆமைக்கு ஓடு கவிழ்த்த சட்டிபோல உருண்டிருக்கும், ஏனென்றால் அதற்குத் தரையிலேயே புல் உண்டு. வறண்ட தீவில் கள்ளி உயரத்தில் நிற்பதால், அங்குள்ள ஆமைக்கு ஓட்டின் முன்பக்கம் மேலே வளைந்து, கழுத்தை நீட்ட வழி விட்டிருக்கும். கடலுக்குள் முக்குளித்துப் பாசி மேய்கிற ஓணானும் ஒன்று உண்டு. அது கரைக்கு வந்து வெயில் காய்ந்தபடி, உடம்பில் சேர்ந்த உப்பை மூக்கால் பீச்சித் தள்ளும். அம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போனது அந்த ஓணான்தான்.

"நாள் முழுக்கத் தும்மிக்கொண்டு இருக்குமோ? பாவம், தீராத தடிமன்."

தொல்லை மனிதரோடு வந்தது என்றும் சொன்னேன். கப்பல்காரர் விட்ட ஆடுகள் ஆமையின் தீனியை மேய்ந்து தீர்த்தன. எலிகள் முட்டையைத் தின்றன. குடியேறியவர்கள் கொய்யாவையும் ஒருவகை முட்பழத்தையும் கொண்டுவந்து நட்டார்கள், அவை இப்போது மலையெல்லாம் பற்றைபோலப் படர்ந்துவிட்டன. எப்படி வந்தது என்றே தெரியாத ஓர் ஈ, குருவிக் கூடுகளில் முட்டையிடுகிறது. அதன் புழுக்கள் குஞ்சுகளின் இரத்தத்தைக் குடிக்கின்றன.

அம்மா மா குழைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "கொய்யா கொண்டுபோன சனம் கெட்ட சனமோ?"

"இல்லை."

"ஆசைக்குத்தானே கொண்டு போயிருக்குங்கள்."

எங்கள் பல்கனியில் பதினொரு வருடமாக ஒரு கறிவேப்பிலைச் சாடி இருக்கிறது. பனிக்காலம் வந்தால் அது என் அறைக்குள் குடிவந்துவிடும். நான் அந்தப் பக்கம் பார்க்காமல், ஓம் என்று மட்டும் சொன்னேன்.

பேராசிரியை எங்களுக்கு ஒரு பட்டியல் தந்திருந்தார். பழம், விதை, மண், இலை, பூச்சி எதுவும் கூடாது. நாங்கள் போகும் தீவில் மனிதர் குடியில்லை. படகு ஒருதரம்தான் போகும். பொதியில் ஒரு விதை அகப்பட்டாலும் அந்த ஆள் துறைமுகத்திலேயே நின்றுவிட வேண்டியதுதான். அதனால் இங்கேயே ஆய்வுகூடத்தில் எல்லாவற்றையும் சோதித்து, முத்திரை ஒட்டித்தான் அனுப்புவோம் என்றார். பட்டியலைத் தமிழில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். வாசித்துவிட்டு வாதாட வந்தார்.

"மிளகாய்த்தூளிலை இருக்கிற மல்லியும் சீரகமும் வறுத்து அரைச்சது. வறுத்தது முளைக்காது."

விஞ்ஞானப்படி அவர் சொன்னது சரி. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல், தூளை ஈரப்பஞ்சில் தூவி ஜன்னலில் வைத்தேன். அம்மாவும் போட்டிக்கு ஒரு பிடி வெந்தயத்தை இன்னொரு பஞ்சில் வைத்தார். நாலு நாளில் தூள் சும்மா கிடந்தது, வெந்தயம் பச்சையாகத் தலையை நீட்டியது. "சரி, வெந்தயம் வேண்டாம்" என்று அதை அவரே என் பொதியிலிருந்து எடுத்துவிட்டார். எனக்குத் தெரியாமல் எப்போது உள்ளே வைத்தார் என்று நான் கேட்கவில்லை. அன்றோடு அவர் என்னைவிடக் கடும் சோதனை அதிகாரியாக மாறிவிட்டார். என் காற்சட்டைப் பைகளை வெளியே இழுத்து, தையலை விரலால் தடவி, பழைய ரயில் சீட்டு ஒன்றைக் கண்டுபிடித்துத் தந்தார். இனிப் பயமில்லை என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பயணம். வியாழக்கிழமை மத்தியானம் சோதனை. எங்கள் ஆய்வுகூட உதவியாளர் சோலோதுர்ன் ஊர்க்காரர், ஐம்பது வயது தாண்டியவர், சிரிப்பதற்கும் படிவம் நிரப்ப வேண்டும் என்று நினைப்பவர். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, என் பொதியைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாகக் கையுறைக் கையால் எடுத்துப் பார்த்தார். சுற்றிவரப் பேராசிரியையும் நாலு மாணவரும் நின்றார்கள். சப்பாத்தின் அடியைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, "மிக நன்று" என்றார். என் தலை கொஞ்சம் வீங்கியது. பிறகு இடது சப்பாத்துக்குள் கையை விட்டார். ஒரு காலுறைச் சுருளை எடுத்தார். காலுறைக்குள் இருந்து, குங்குமப் பொட்டு வைத்த ஒரு தேசிக்காய் உருண்டு வெள்ளைத் துணியின் நடுவில் வந்து நின்றது.

"இது எலுமிச்சை. பழம்" என்றார் அவர், மிக மெதுவாக.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. போன வெள்ளிக்கிழமை கோயிலில், என் பெயர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்து ஐயர் தந்த தேசிக்காய் அது. தூரப் பயணம் போகிறவர் கையோடு வைத்திருக்க வேண்டியது. இதை எப்படி விளக்குவது? பாதுகாப்புக்கு என்றேன். எதிலிருந்து பாதுகாப்பு என்று பேராசிரியை கேட்டார். பொதுவாக எல்லாவற்றிலிருந்தும் என்றேன். ஒரு மாணவன் சிரித்தான். பேராசிரியை சிரிக்கவில்லை.

அவர் கோபப்படவும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. தேசிக்காயோடு கிடந்த பொதியில் எந்தப் பூச்சியின் முட்டை இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் நாற்பத்தெட்டு மணித்தியாலம் சுழியத்துக்குக் கீழே இருபது பாகையில் உறைய வைக்க வேண்டும். ஆய்வுகூடத்து உறைபெட்டிகளில் மற்றவர்களின் மாதிரிகள் நிரம்பியிருந்தன, அவற்றோடு இதை வைக்க முடியாது. "சனிக்கிழமை மாலைக்குள் முடியாவிட்டால், காத்திருப்புப் பட்டியலில் உள்ளவரை அனுப்புவேன். எனக்கும் வருத்தம்தான்" என்றார். அந்தக் காத்திருப்புப் பட்டியல் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தது. சிரித்தவன் அவன்தான்.

நடைவழிக்குப் போய் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். என் வாழ்க்கையில் அம்மாவோடு அப்படிக் கத்தியதில்லை.

"பழம் கூடாதெண்டு எழுதி ஒட்டினனான் எல்லோ! வாசிச்சனீங்கள் எல்லோ!"

"வாசிச்சனான். அது பழமில்லைப் பிள்ளை, கோயிலிலை தந்தது."

"அதுக்குள்ளை விதை இல்லையோ? உங்களாலை எல்லாம் போச்சுது. ரெண்டு வருசம், அம்மா, ரெண்டு வருசம்!"

மறுபக்கத்தில் சலவை இயந்திரம் சுற்றுகிற ஒலி மட்டும் கேட்டது. அவர் பொய் சொல்லவில்லை. கோயில் தேசிக்காயைப் பழம் என்று எங்கள் வீட்டில் யாரும் எண்ணியதில்லை, ஏன், ஒரு வாரத்துக்கு முன் கேட்டிருந்தால் நானும் எண்ணியிருக்க மாட்டேன். அது புரிந்தும் கோபம் அடங்கவில்லை. தொலைபேசியை வைத்துவிடப் போனேன்.

"எத்தினை பாகை குளிர் வேணுமாம்?" என்று அம்மா கேட்டார்.

எங்கள் கட்டடத்தின் நிலக்கீழறையில், அம்மாவின் டீப் ஃப்ரீசர் இருக்கிறது. ஒரு சிறிய மாடு படுக்கலாம். அறக்குளா மீன், இறால், ஆட்டிறைச்சி, துருவிய தேங்காய்ப்பூ, முருங்கைக்காய்த் துண்டு, மூன்று மாதத்துப் பிட்டு எல்லாம் அதற்குள் அடக்கம். நான் பொதியோடு வீட்டுக்கு வந்தபோது அம்மா வேலையிடத்தில் சொல்லிவிட்டு நேரத்தோடு வந்திருந்தார். அப்பாவும் அவரும் ஃப்ரீசரைக் காலி செய்து, உள்ளே மஞ்சள் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கூடவே வந்த சோலோதுர்ன்காரர் தன் வெப்பமானியை உள்ளே வைத்தார். மூடி ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தபோது சுழியத்துக்குக் கீழே இருபத்திரண்டு காட்டியது. அவர் முகத்தில் முதல்தரமாக மரியாதை தெரிந்தது. பிறகு ஓர் ஓரத்தில் கிடந்த பைக்கற்றை எடுத்துப் பார்த்தார்.

"விதைகள்!" என்றார்.

"பலாக்கொட்டை" என்று அம்மா பறித்துக்கொண்டு மேலே ஓடினார்.

பொதியை இரண்டு பிளாஸ்டிக் உறைகளில் கட்டி உள்ளே இறக்கினோம். உதவியாளர் மூடிக்கு முத்திரை ஒட்டி, காலையும் மாலையும் வந்து பாகை பார்ப்பேன் என்றார். பாவம், அவர் வேலைக்குத்தான் வந்தார். ஆனால் வெளியே எடுத்த மீனையும் இறைச்சியையும் அயலட்டைக்கெல்லாம் கொடுத்தும் முடியவில்லை, மிச்சத்தைச் சமைத்தே ஆகவேண்டியிருந்தது. வியாழன் இரவுச் சாப்பாட்டுக்கு அறக்குளாக் குழம்பு. வெள்ளி காலை ஏழு மணிக்கு இறால் பிட்டு. "எஸ்ஸன், எஸ்ஸன்" என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சாப்பிடச் சொல்லி அம்மா தட்டை நீட்ட, அந்த மனிதர் மறுக்கத் தெரியாமல் தின்றார். வெள்ளி மாலை வந்தவர் பாகை பார்ப்பதற்கு முன் கைகழுவிவிட்டு மேசையில் இருந்தார். மூக்கும் கண்ணும் ஒழுகத் தும்மிக்கொண்டே ஆட்டுக்கறியை முடித்தார்.

நான்தான் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாவோடு முகம் கொடுத்துக் கதைக்கவும் இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரியும், ஆனால் மின்சாரம் போனால், மூடி சரியாகப் பூட்டாவிட்டால் என்று மனம் வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை நிலக்கீழறைக்குப் போனபோது அம்மா ஃப்ரீசருக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தார்.

"நான் ஊரைவிட்டு வெளிக்கிடேக்கை கோயிலுக்குப் போக நேரம் இருக்கேல்லை. ஆரும் ஒண்டும் தரவும் இல்லை. அதுதான் உனக்கு வைச்சனான்" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு "மூடியைத் திறந்தனீங்களோ?" என்றுதான் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

சனி மாலை பேராசிரியையே வந்தார். முத்திரையை உடைத்து, பொதியை எடுத்து, வெள்ளைத் துணியில் மறுபடியும் எல்லாவற்றையும் பார்த்தார்கள். சப்பாத்தில் மெல்லிய மீன் வாசம் இருந்ததைத் தவிர வேறொன்றும் இல்லை. கடல் ஓணான்கள் அதைப் பொருட்படுத்தாது என்று சோலோதுர்ன்காரர் சொன்னார். அவர் பகிடி விட்டதை நான் கேட்டது அதுதான் முதல்தரம். புது முத்திரை ஒட்டினார்கள். பேராசிரியை என் கையைக் குலுக்கி, "போய் வா" என்றார். எனக்கு அந்த நிலக்கீழறையிலேயே குதிக்க வேண்டும் போல இருந்தது, குதித்தேன்.

ஞாயிறு காலை விமானநிலையத்துக்கு அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். பொதி விமானத்துக்குப் போய்விட்டது. வாயிலுக்கு உள்ளே போகிற நேரம் வந்ததும் அப்பா என்னைக் கட்டிப்பிடித்துத் தட்டிக்கொடுத்தார். அம்மா இரண்டு முழம் தள்ளியே நின்றார். காலையிலிருந்தே அப்படித்தான், ரயிலிலும் எதிர் இருக்கையில் தள்ளி இருந்தார். நான் கத்தியது மனதில் நிற்கிறது என்று நினைத்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நின்றேன்.

அம்மா கைப்பையைத் திறந்து, சலவைப் பகுதியில் உடுப்புத் தும்பு எடுக்கிற ஒட்டும் உருளையை எடுத்தார். தன் கோட்டின் முன்பக்கத்தை மேலிருந்து கீழாக உருட்டினார். கைகள், கழுத்து, சால்வை. பிறகு உருளையை அப்பாவிடம் கொடுத்துத் திரும்பி நின்று முதுகையும் காட்டினார். சனம் பார்த்துக்கொண்டு போனது, அவர் கவனிக்கவில்லை. கடைசியில் அந்த ஒட்டுத்தாளைக் கிழித்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்து, ஒரு மூலையும் விடாமல் பார்த்தார்.

"காலமை பல்கனியிலை கறிவேப்பிலைக்குத் தண்ணி ஊத்தினனான், அதுதான் கிட்ட வரேல்லை" என்று தாளை என்னிடம் நீட்டினார். "நீயும் ஒருக்காப் பார்."

கண்ணீரில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒன்றுமில்லை அம்மா என்றேன்.

"வடிவாய்ப் பாத்தனியோ?"

"ஓம்."

அப்போதுதான் வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்.