பின்குரல் பிடிக்கப் போனவர்

நாற்பத்தோரு வருடமாக இசை நாடகம் போடுகிற ஒருவருக்குப் பாட்டின் மேல் நம்பிக்கை கிடையாது என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அவர் நம்புவார். அவர் நம்புகிற மிகச் சில விஷயங்களில் அதுவும் ஒன்று.

"பாட்டுன்னா என்னன்னு நினைக்கிறீங்க? நடிகன் ஒளிஞ்சுக்கிற இடம்" என்பார். "வசனத்துல பொய் சொன்னா மூஞ்சி காட்டிக் குடுத்துடும். பாட்டுல பொய் சொன்னா ஜனங்க கண்ணைத் துடைச்சுக்குவாங்க."

நாடகக் குழுவில் நேருக்கு நேர் அவர் பெயர் சார். முதுகுக்குப் பின்னால் சிஐடி. இரண்டாவது பெயரும் அவருக்குத் தெரியும். அதை வைத்தது யார் என்று மூன்று வாரம் துருவித் துருவி விசாரித்தார். வைத்தது தன் மனைவிதான் என்று தெரிந்ததும் விசாரணையை அப்படியே மூட்டை கட்டிவிட்டார்.

புது நாடகம் தொடங்கினால் முதல் மூன்று வாரம் யாரும் பாடக் கூடாது. பாட்டு வரிகளைப் பேச வேண்டும். அதுவும் எதிர்வீட்டுக்காரரிடம் ஏணி கேட்பதுபோலச் சாதாரணமாகப் பேச வேண்டும். அப்படிப் பேச வராதவருக்கு மெட்டு கிடைக்காது. இதைப் பொறுக்க முடியாமல் இரண்டு இசையமைப்பாளர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் திரும்பி வந்தார். ஏன் வந்தார் என்று சாருக்கு இன்றுவரை உறுத்தல்தான்.

நாடகம் நடக்கும்போது கடைசி வரிசையில் உட்கார்ந்து, மேடையைப் பார்க்காமல் இருக்கைகளுக்கு அடியில் தெரியும் கால்களைப் பார்ப்பார். "கால் தாளம் போட்டா எனக்குச் சந்தேகம் வந்துடும். மெட்டு மட்டும் போய்ச் சேர்ந்திருக்கு, வார்த்தை வழியிலேயே இறங்கிடுச்சுன்னு அர்த்தம். பாட்டு பிடிச்சா கால் அசையாது." கைதட்டலையும் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார். "விளக்கை அணைச்சா எவனும் தட்டுவான். கரண்ட் போனதுக்கே நான் கைதட்டல் வாங்கியிருக்கேன்."

அவர் வளைக்காத விதி ஒன்று உண்டு. மேடையில் நிற்பவர் வாயை மட்டும் அசைக்க, குரல் வேறெங்கிருந்தோ வருவதற்குப் பின்குரல் என்று பெயர். டேப்பிலிருந்து வந்தாலும் சரி, திரைக்குப் பின்னால் நிற்கும் ஆளிடமிருந்து வந்தாலும் சரி, கண்டுபிடித்த அன்றே சம்பந்தப்பட்டவர்கள் வெளியே. நான்கு பேரை அப்படி அனுப்பியிருக்கிறார். நான்காவது ஆள் அவருடைய குழுவிலேயே நன்றாகப் பாடியவர். தொண்டை கட்டிய ஒரே ஒரு மாலை டேப்பைப் போட்டுவிட்டார். அழுதாராம். "பாடாம அழுததால அதை நம்பினேன். ஆனாலும் அனுப்பிட்டேன்."

இந்த விஷயத்தில் மட்டும் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்டால், நெளியாமல் பதில் சொல்வார். இருபத்து மூன்று வயதில் அவரும் கதாநாயகன்தான். பாட வராது. ஒரு சீசன் முழுக்கத் திரைக்குப் பின்னால் இன்னொருவர் பாட, இவர் முன்னால் நின்று வாயசைத்துப் பேரும் புகழும் வாங்கினார். "யாரும் கண்டுபிடிக்கல. அதுதான் என்னைத் தூங்க விடல. அவ்வளவு சுலபம்னா வேற யாரெல்லாம் பண்றாங்களோன்னு."

இப்படிப்பட்டவரிடம்தான் போன வருடம் ரேடியோ வந்து சேர்ந்தார். இந்தப் பெயர் சார் வைத்தது. அதற்கு முன் அவர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். புது நாடகத்தில் தபால்காரர் வேடம். எதிரே ஜன்னலோரம் கடிதத்துக்குக் காத்திருக்கும் பெண்ணாக சாரின் கொழுந்தியாள், அதாவது மனைவியின் தங்கை. இருபது வருடமாக அவள்தான் குழுவின் முதல் பெண் வேடம்.

ரேடியோவின் குற்றம், தப்பே செய்யாதது. திங்கள்கிழமை பாடியதுபோலவே வியாழக்கிழமையும் பாடினார். பாட்டுக்கு முன் தண்ணீர் குடிப்பதில்லை. படி ஏறிக்கொண்டே பாடினாலும் மூச்சு வாங்குவதில்லை. அரங்கம் சின்னது, நூற்றெண்பது இருக்கை, மைக் தேவையில்லை. ஆனால் மழைச் சத்தத்துக்கும் கதவுமணிச் சத்தத்துக்கும் என்று மேடையின் இரு பக்கமும் ஒலிபெருக்கி இருந்தது. சாரின் பார்வை அதன்மேல் விழுந்தது.

"மனுஷன்னா வாரத்துல ஒரு நாளாவது சுருதி விடணும்" என்றார் மனைவியிடம். அவர்தான் குழுவின் உடை அறையைப் பார்த்துக்கொள்பவர். "அவன் விட மாட்டேங்குறான்."

"நல்லாப் பாடுறாரோ என்னவோ."

"அதெப்படி?"

"சிலருக்கு வரும்ங்க" என்று சொல்லிவிட்டு அவர் ஊசியில் நூல் கோத்தார்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு முதல் காட்சி. ரேடியோவுக்கு மாற்று ஆள் கிடையாது. அவரை அனுப்பினால் நாடகம் இல்லை. இந்த நாடகம் நின்றுபோனால், அறுபத்து நான்கு வயதுக்காரருக்கு அரங்கத்தார் இன்னொரு வாய்ப்புத் தருவார்களா என்பது சந்தேகம். சாரோடு சேர்ந்து மற்றவர்களும் பட்ட ஒரே சந்தேகம் அது. ஆனால் டேப்பைத் தெரிந்தே விட்டுவிட்டால் ஏற்கெனவே அனுப்பிய நான்கு பேருக்கும் என்ன பதில்? செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கு முன் அவர் கீபோர்டு வாசிப்பவரைத் தனியாக அழைத்தார்.

"இன்னைக்கு எல்லாப் பாட்டையும் அரைக் கட்டை ஏத்தி வாசி. யாருகிட்டயும் மூச்சு விடாத."

"எல்லாத்தையுமா சார்?"

"அவன் பாட்டை மட்டும் ஏத்தினா உஷாராயிடுவான்."

கணக்கு எளிது. டேப் ஓடினால் அது பழைய சுருதியிலேயே ஓடும். கீபோர்டு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று இழுத்துக்கொண்டு மானம் கப்பலேறும்.

முதலில் ரேடியோவின் பாட்டு. கீபோர்டு தொடங்கியதும் புருவத்தைத் தூக்கி வாசிப்பவரை ஒரு பார்வை பார்த்தார். தொண்டையைச் செருமினார். ஏறிய சுருதியிலேயே பாட ஆரம்பித்தார். மூன்றாவது வரியில் ஒரு இடத்தில் குரல் லேசாகக் கீறியது. சார் கடைசி வரிசையில் நாற்பத்தோரு வருடத்தில் முதல்முறையாக ஒரு கீறலைக் கேட்டு மகிழ்ந்தார். அதே சமயம், பொறியில் எலி விழாத ஏமாற்றமும் இல்லாமல் இல்லை.

அடுத்தது ஜன்னல் பாட்டு. கொழுந்தியாள் மேடையின் வலது ஓரத்தில் மர ஜன்னலுக்குள் நின்று தொடங்கினாள். கீழ் வரிகள் ஒழுங்காக வந்தன. மேலே ஏறும் வரி வந்ததும் அவள் சட்டென்று கீபோர்டு பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"என்னப்பா, கட்டையை மாத்திட்டியா?"

கேட்டது அவள். ஆனால் அவள் பாட்டு நிற்கவில்லை. அவள் பேசிக்கொண்டிருக்க, அவள் குரல் அவளுக்குப் பக்கத்தில் தனியாக மேலே ஏறி, அரைக் கட்டை கூடுதலைச் சட்டை செய்யாமல், அந்த வரியை முழுசாகப் பாடி முடித்து, ஒரு சின்ன சங்கதியும் போட்டு இறங்கியது.

கீபோர்டுக்காரர் விரலை எடுக்க மறந்து ஒரே கட்டையை அழுத்திக்கொண்டிருந்தார். ஜன்னல் சுவருக்குப் பின்னாலிருந்து அதே குரல் பேச்சுக் குரலாகக் கேட்டது:

"ஏன் நிறுத்திட்டீங்க?"

சார் எழுந்து போய்ச் சுவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மடக்கு ஸ்டூலில் அவர் மனைவி. மடியில் தபால்காரரின் காக்கிச் சட்டை. காலர் விளிம்பைத் தைத்துக்கொண்டே பாடியவர் தலையை நிமிர்த்தவில்லை. ஆகவே தங்கை நிறுத்தியதையும் பார்க்கவில்லை.

ஒத்திகை அத்துடன் முடிந்தது. மூவரும் உடை அறைக்குள் போனார்கள். இஸ்திரிப் பெட்டி சூடாக இருந்தது; அதை அணைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"எத்தனை நாளா?"

"ஆறு மாசமா" என்றாள் கொழுந்தியாள். "காய்ச்சல் வந்துச்சில்ல அத்தான், அதோட மேல் குரல் போயிடுச்சு. டாக்டர் ஓய்வு குடுக்கச் சொன்னாரு. சீட்டு கூட இருக்கு. வேணுமா?"

"வேணாம்" என்றார். இந்த ஒரு சொல்லுக்காகப் பிறகு பல நாள் வருந்தினார்.

"ஆறு மாசம் என்கிட்ட ஏன் சொல்லல?"

மனைவி சொன்னார்: "நீங்க சந்தேகப்படாத ஒரே ஆளு இவதாங்க. அந்த ஒண்ணையும் ஏன் கெடுப்பானேன்னு விட்டுட்டோம்."

அக்கா, தங்கை இருவரும் சிறு வயதில் ஒரே வாத்தியாரிடம் பாட்டுக் கற்றவர்கள். போனில் 'ஹலோ' என்றால் யார் பெண்டாட்டி, யார் கொழுந்தியாள் என்று சாருக்கே பிடிபடாது. முப்பது வருடம் முன்பு மூத்தவரும் இதே குழுவில் நடிக்க ஆசைப்பட்டு வந்தவர்தான். அவர் பாடியதைக் கேட்டுவிட்டு சார், "குரல் தங்கம். ஆனா கை ரெண்டும் யாரோ இரவல் குடுத்த மாதிரி தொங்குது. நடிப்பு வராது" என்று சொன்னார். அதே மாதம் அவரைக் கல்யாணமும் செய்துகொண்டார். இரண்டு தீர்ப்பையும் இதுவரை மாற்றியதில்லை.

இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆறு மாதமாகக் கொழுந்தியாளிடம், "இந்த வயசுலதான் உன் குரல் கனிஞ்சிருக்கு" என்று வாய் ஓயாமல் பாராட்டியது நினைவுக்கு வந்தது. அப்போதெல்லாம் பக்கத்தில் மனைவி பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஜன்னலை வலது ஓரமாத் தள்ளி வைக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான். நடுவுல இருந்தா தபால்காரர் இடிச்சுக்குவாருன்னு சொன்னேன். நீங்களும் ஆமான்னீங்க."

"விதி தெரியுமில்ல?"

"தெரியாம என்ன? அன்னைக்கே வெளிய." மனைவி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "நாங்க கிளம்புறோம். பத்தொன்பது உடுப்புல பதினோரு உடுப்புக்குத்தான் பொத்தான் வச்சிருக்கு. மிச்சத்தை உங்க ரேடியோ வச்சுக்குவாரு. அவருதான் தப்பே பண்ண மாட்டாராமே."

வாசலில் ரேடியோ நின்றிருந்தார். கதவு சாத்தவில்லை.

"சார், என்னைப் பிடிக்கத்தானே இதெல்லாம்?"

"ஆமா."

"சந்தோஷம் சார். டேப்போன்னு சந்தேகம் வர்ற அளவுக்கு யாரும் என்னைப் பாராட்டினதில்ல."

சார் அன்று மாலை வரை காலி அரங்கில் உட்கார்ந்திருந்தார். விதியைக் காப்பாற்றினால் நாடகம் போய்விடும். விட்டுக்கொடுத்தால் அழுதுகொண்டு போன அந்த நான்காவது ஆள் கண் முன்னால் வந்து நிற்பார். ஒளிந்திருப்பதுதானே குற்றம் என்று கடைசியில் தோன்றியது. ஒளிந்திருக்கும் குரலை வெளியே கொண்டுவந்து நிறுத்திவிட்டால்? இது தர்க்கமா, நழுவலா என்று அவரே சந்தேகப்பட்டார். ஆனால் சனிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை காலை தச்சர் வந்து இரண்டாவது ஜன்னல் அடித்தார். காத்திருப்பவளின் ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டு ஜன்னல். கீழ் வரிகளைத் தங்கை பாடுவாள். மேல் வரிகளைப் பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொள்வாள்.

"எனக்கு நடிப்பு வராதே" என்றார் மனைவி.

"நடிக்க வேணாம். தைச்சுக்கிட்டே பாடு."

"கை?"

"கைதான் தைக்குதே."

மனைவி ஊசியைக் கையில் எடுத்தார். "முப்பது வருஷம் முன்னாடி ஒரு ஊசியும் நூலும் குடுத்திருந்தா வேலை முடிஞ்சிருக்கும், இல்ல?"

நாற்பத்தோரு வருட இயக்குநர் வாழ்க்கையில் தன் பெரிய தப்பு எது என்று இப்போது யாராவது சாரைக் கேட்டால், இந்தக் கேள்வியைத்தான் திருப்பிச் சொல்கிறார்.

சனிக்கிழமை மூன்று மணிக்குத் திரை விலகியது. ஜன்னல் பாட்டு வந்தபோது கடைசி வரிசையில் இருந்தவர் வழக்கப்படி குனிந்து கால்களைப் பார்த்தார். நூற்றெண்பது இருக்கை, நூற்று எழுபது ஜோடிக் கால்கள். ஒன்றும் தாளம் போடவில்லை. அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து மேடையைப் பார்த்தார். மனைவி ஒரு வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி, எந்தப் பிரயாசையும் இல்லாமல், மேல் வரியைப் பாடிக்கொண்டிருந்தார்.

காட்சி முடிந்து, பார்வையாளர்கள் கலைந்து, ஐந்தரை மணிக்கு சார் ஒப்பனை அறைப் பக்கம் நடந்தார். பாராட்டிவிட வேண்டும் என்ற தீர்மானத்தோடுதான் போனார். கதவுக்கு மூன்றடி இருக்கும்போது உள்ளேயிருந்து ஜன்னல் பாட்டின் மேல் வரி கேட்டது. ஒப்பனையைக் கலைத்துக்கொண்டே முணுமுணுப்பதுபோல, விளையாட்டாக, ஆனால் உச்சிவரை சுத்தமாக.

அப்படியே நின்றார். உள்ளே இருப்பது இரண்டு பேர். பாடியது மூத்தவள் என்றால் சரி. இளையவள் என்றால், மேல் குரல் போகவே இல்லை. காய்ச்சலும் டாக்டரும் கதை. ஆறு மாதமாக ஒருத்தி பாடாமல் விட்டுக்கொடுத்திருக்கிறாள். அன்று பாட்டின் நடுவே திரும்பி, 'கட்டையை மாத்திட்டியா' என்று அவ்வளவு அப்பாவியாகக் கேட்டதும் தற்செயல் இல்லை. முப்பது வருடத் தீர்ப்பை அவர் வாயாலேயே மாற்ற வைப்பதற்காக இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாடகம் போட்டிருக்கிறார்கள். அதுவும் அவரைவிட நன்றாக.

கதவைத் திறந்தார். இருவரும் கண்ணாடி முன் அருகருகே உட்கார்ந்து, பஞ்சால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்போ பாடினது யாரு?"

"நான்தான்" என்றார்கள் இருவரும்.

அவர் ஒருத்தி முகத்தைப் பார்த்தார். மற்றவள் முகத்தைப் பார்த்தார். இரண்டு முகத்திலும் பாதி ஒப்பனை இருந்தது.

"நாளைக்குப் பத்து மணிக்கு ஒத்திகை" என்றார். "ரெண்டு பேரும் தனித்தனியா வாங்க."