நகரும் தொட்டி

அவளுக்குத் தொட்டிக்காரி என்று பெயர் வந்து ஐந்து வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் அவள் தையல்காரரின் மனைவி, ஆறு கறவை மாடு வைத்திருப்பவள், வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். பெயர் வைத்தது வேறு யாருமில்லை, அவளுடைய கொழுந்தன். லாரி ஓட்டுகிறவன். வாயில் அவளுக்குக் கொஞ்சமும் சளைத்தவன் இல்லை.

வீட்டுக்குப் பின்னால் மூன்று ஏக்கர் மேய்ச்சல் நிலம், அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. ஒரு கோடியில் பெரிய மரம், மரத்தடியில் தண்ணீர்த் தொட்டி. மரத்தைச் சுற்றி மட்டும் புல் கருகருவென்று நிற்கும். மறு கோடி வரை மற்றதெல்லாம் வழுக்கைத் தலைதான். ஒரு கோடைக் காலையில் கொழுந்தன் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணி, இது மேய்ச்சல் நிலமா, விளையாட்டு மைதானமா? வர்ற மழை முடியறதுக்குள்ள ஆறு மாடும் இங்கயே மேஞ்சு வயிறு நிரம்பணும். இல்லைன்னா மாட்டை வித்துடுங்க. நான் அந்தக் கோடியில லாரி நிறுத்திக்கறேன்."

தையல்காரர் வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு, அவளுக்கும் தலையாட்டினார், தம்பிக்கும் தலையாட்டினார். அவர் சுபாவம் அப்படி. ஆறு மாட்டில் நாலு அவள் கையிலேயே கன்றாய்ப் பிறந்தவை. விற்பதாம்!

சும்மா இருப்பாளா? மறுநாளே மண்வெட்டியை எடுத்தாள். மறு கோடியில் ஒரு போடு போட்டாள். கை விண்ணென்று தெறித்தது. பாறை மாதிரி கிடந்தது தரை. போடா என்று மரத்தடிக்கு வந்தாள். அங்கே மண் பொலபொலவென்று வந்தது. ஒரு பை நிறைய அள்ளி, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தாள். பத்து நாளில் முடிவு வந்தது: எல்லாச் சத்தும் ஏராளம், எதுவும் போடத் தேவையில்லை.

கால் தரையில் பாவவில்லை அவளுக்கு. அந்தக் காகிதத்தைத் தையல்கடை, மளிகைக்கடை, பால் ஊற்றுகிற வீடு என்று ஒன்று விடாமல் காட்டினாள். கொழுந்தன் வாங்கிப் படித்தான், நிலத்தைப் பார்த்தான், மறுபடியும் காகிதத்தைப் பார்த்தான்.

"அப்ப மாட்டுக்கு இந்தக் காகிதத்தையே போடுங்க அண்ணி" என்றான்.

வந்த கோபத்தில் நேரே பரிசோதனை நிலையத்துக்குப் போய்ச் சண்டைக்கு நின்றாள். அங்கிருந்த அதிகாரியம்மா பொறுமைசாலி. முழுவதும் கேட்டுவிட்டு, "மண்ணை எங்க எடுத்தீங்க?" என்றார்.

"மரத்தடியில."

"மாடு எங்க படுக்கும்?"

"மரத்தடியி..." என்று ஆரம்பித்தாள். பிறகு படாரென்று தலையில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி மக்கா! மேயறது அந்தக் கோடியில, சாணி போடறது இந்தக் கோடியில. பதினஞ்சு வருஷமா நிலத்துச் சத்தையெல்லாம் வயித்துல சுமந்துட்டு வந்து மரத்துக்குக் கொட்டியிருக்குதுங்களே!"

அதிகாரியம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தத் தடவை நிலம் முழுக்க வளைந்து வளைந்து நடந்து, இருபது இடத்தில் ஒவ்வொரு கைப்பிடி எடுத்து, வாளியில் கலந்து கொண்டுவரச் சொன்னார். மரத்தடியைத் தொடவே கூடாது என்றார். வந்த முடிவு வேறு: மண்ணில் அமிலம் ஏறிப் புளித்துக் கிடக்கிறது, சத்தும் போதாது, சுண்ணாம்புத் தூள் தூவுங்கள், சாணத்தைப் பரவலாக விழவையுங்கள்.

சுண்ணாம்பு தூவிய அன்று தலை முதல் கால் வரை வெள்ளை. கடையிலிருந்து வந்த தையல்காரர் பின்வாசலில் அவளைப் பார்த்து, "யாருங்க வேணும்?" என்று கேட்டுவிட்டார். அதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

சாணத்துக்குத்தான் தொட்டி. தண்ணீரும் நிழலும் இருக்கிற இடத்தில்தானே மாடு படுக்கும், சாணி போடும். நீலப் பீப்பாயை இரண்டாக அறுத்துத் தொட்டியாக்கி, மறு கோடிக்கு உருட்டிப்போனாள். நிழல்?

"தம்பி, பழைய தார்ப்பாய் ஒண்ணு இருந்தா குடேன்."

"எதுக்கு அண்ணி?"

"நீ லாரி நிறுத்தற இடத்துக்கு இப்பவே பந்தல் போட்டு வைக்கறேன்."

அந்த அப்பாவியும் நல்லதாகவே பார்த்துக் கொடுத்தான். நாலு மூங்கிலில் அதைக் கட்டினாள். சுற்றிலும் கயிறு கட்டித் தடுத்து, மாடுகளை ஒரு துண்டு நிலத்தில் நாலு நாள் விட்டு, பிறகு தொட்டியையும் பந்தலையும் அடுத்த துண்டுக்கு நகர்த்துவாள். மேய்ந்த துண்டுக்கு ஓய்வு. மகாராணி என்கிற கிழட்டுப் பசு மட்டும் இரண்டு நாள் மரத்தைப் பார்த்துக் கத்தித் தீர்த்தது. "உன்னாலதான்டி இத்தனையும்" என்று அதோடும் ஒரு சண்டை போட்டாள். அப்போதுதான் கொழுந்தன், "தொட்டிக்காரி வர்றாங்க, வழி விடுங்க" என்று தெருவே கேட்கக் கத்த ஆரம்பித்தான்.

மழை வந்தது. விழுந்த சாணமெல்லாம் கரைந்து இறங்கியது. முதலில் சாணம் கிடந்த இடங்களில் வட்ட வட்டமாய்ப் பச்சை. பிறகு வட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நடுவே மாடு ஆசையாய்த் தின்கிற கொடிப்பயறு தானாகவே தலைகாட்டியது. தினமும் காலையில் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்து, யாரும் இல்லாதபோது சின்னப் பெண் மாதிரி குதிப்பாள்.

மழை முடிந்த வாரம் கொழுந்தன் லாரியோடு வந்து பின்பக்க வேலியோரம், நிலத்துக்குள்ளேயே நிறுத்தினான். ஹாரன் அடித்தான். ஆறு மாட்டில் ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை. மேய்ச்சலில் அத்தனை மும்முரம். மகாராணி வயிறு புடைக்க மறு கோடியில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவன் இறங்கினான், முழங்கால் புல்லுக்குள் நடந்தான், நாலாவது அடியில் புதுச் சாணத்தில் கணுக்கால் வரை இறங்கினான்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது சிரித்தால் காரியம் கெட்டுவிடும்.

அவன் காலை உதறினான். புல்லில் துடைத்தான். பந்தலை நிமிர்ந்து பார்த்தான். அவனுடைய நல்ல தார்ப்பாய். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தொட்டியின் ஒரு விளிம்பைப் பிடித்தான்.

"இன்னைக்கு நாலாவது நாள்தானே? எங்க நகர்த்தணும், சொல்லுங்க அண்ணி."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. மறு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வேலியோரம் அவன் லாரி நிற்கிற இடத்தைக் காட்டினாள்.

"அங்கதான். முதல்ல லாரியை எடு."