வாஷ்பேசினுக்கு விட்ட சொட்டு

டிப்போவில் அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர். தலை நரைக்கும்வரை பஸ் ஓட்டியும் ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. முன்னால் போகிற சைக்கிளுக்கு ஹாரன் அடிக்கவே யோசிப்பார். அப்படிப்பட்ட மனிதருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கிறது, தினமும் ராத்திரி சொட்டு மருந்து விட வேண்டும் என்றார் டாக்டரம்மா. அவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வந்தார்.

மருந்து விட்டால் கண் சிவந்தது. அதுதான் வினை. காலையில் முகத்தை உற்றுப் பார்த்த பிறகுதான் சூப்பர்வைசர் சாவி கொடுப்பார். “என்னண்ணே, ராத்திரி கொஞ்சம் அதிகமோ?” என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் குழாயை நீட்டி ஊதச் சொன்னார். ஒன்றுமில்லைதான். ஆனாலும் வரிசையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பு அவரை விடவில்லை. மருந்துச் சீட்டைக் காட்டலாமென்றால், கண்ணில் கோளாறு என்று வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள். முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது.

எனவே, தினமும் ராத்திரி மனைவி பார்க்க பாட்டிலோடு குளியலறைக்குப் போய், வாஷ்பேசினில் இரண்டு சொட்டு விட்டுவிட்டு வந்தார். டாக்டரம்மாவின் பரிசோதனை நெருங்கும்போது மட்டும் லீவு போட்டுவிட்டுக் கண்ணில் விடுவார். அழுத்தம் சரியாகவே இருக்கும். டாக்டரையே ஏமாற்றிவிட்ட கெட்டிக்காரர்! யார் தலையில் மண் விழுகிறது என்றுதான் தெரியவில்லை.

ஒரு மாலை டிப்போ வாசல் தூணில் பஸ்ஸை இடித்துப் பக்கக் கண்ணாடியை உடைத்தார். தூண் என்றைக்கும் அங்கேயே இருந்த தூண்தான். அவருக்குத்தான் அது தெரியவில்லை. மறுநாளே கண்ணைக் காட்டப் போனார்; சொட்டு விடாமல் போனதில் அழுத்தம் எகிறியிருந்தது.

“கண்ணுக்குள்ள ஊறுற தண்ணி சரியா வடியல. லேசர் வெச்சா நல்லா வடியும், அழுத்தம் குறையும்” என்றார் டாக்டரம்மா. மரத்துப்போக மருந்து விட்டு, தாடையைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, கண்மேல் ஒரு லென்ஸைப் பொருத்தினார். பச்சை வெளிச்சம் மின்னி மின்னி அடங்கியது. வலிக்கவே இல்லை. அடுத்த மாதமே வண்டி எடுத்துவிடலாம் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

மறுபடி பார்த்தபோது டாக்டரம்மா சிரித்தார். “அழுத்தம் நல்லா எறங்கியிருக்கு.”

“அப்ப வண்டி எடுக்கலாங்களா?”

சிரிப்பு நின்றது. “மிச்சமிருக்கற பார்வையத்தான் காப்பாத்த முடியும். போனது வராதுங்க. ஓரத்துப் பார்வை ரெண்டு பக்கமும் ரொம்பப் போயிடுச்சு. இனி ஓட்டக் கூடாது.” பிறகு அவரே, “இதுக்கு முன்னால ஒவ்வொரு தடவையும் அழுத்தம் சரியாத்தானே இருந்துச்சு. எப்படி இவ்வளவு போச்சுன்னுதான் புரியல” என்றார்.

“ஒரு ராத்திரிகூடத் தவறினதில்ல டாக்டர்” என்றாள் மனைவி. “நான்தான் தெனம் பாக்கறேனே.”

அவர் வாயைத் திறந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். கண் கெட்ட பிறகு எந்த நமஸ்காரம் செய்து என்ன? அழக்கூட முடியவில்லை.

வீட்டுக்குப் பஸ்ஸில் போனார்கள். டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தார். ஓரத்திலிருந்து ஒரு சைக்கிள் குறுக்கே வர, பஸ் குலுங்கி நின்றது. அவருடைய வலது கால் தரையை அழுத்தி மிதித்தது. அவர் சைக்கிளைப் பார்த்தபோது பஸ் நின்று முடிந்திருந்தது.