வெயிலில் பழகிய நாற்பது மணி நேரம்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷமாக அதே வேலை. லிஃப்டுக்குள் ஏறி நின்றாலே போதும், பாதத்தில் வருகிற அதிர்வை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். மீட்டர் எல்லாம் அப்புறம்தான். இந்தப் பெருமையை எத்தனை தடவை கேட்டு என் காது புளித்திருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

நாற்பத்தைந்து வயதில் சின்ன விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கினார். சில பேருக்கு மீன் பிடிக்கிற கிறுக்கு, இவருக்கு இது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பக்கத்து சீட்டில் சந்தோஷமாகத்தான் போய்வந்தேன். போன வருஷம் ஒரு நாள் மேகத்துக்குள் மாட்டிக்கொண்டோம். வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. நேராகத்தான் போகிறோம் என்று அடித்துச் சொன்னார். மேகம் விலகியபோது என் ஜன்னல் முழுக்க வயல். அந்த அளவுக்கு இறக்கை சாய்ந்து கிடந்தது. தரையில் இறங்கியதும் முதலில் வாந்தி எடுத்தேன், அப்புறம் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை எழுத முடியாது.

அன்றைக்கே வாக்குக் கொடுத்தார். வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் என்று ஒரு தகுதி இருக்கிறதாம். அதை வாங்குவார், முடியாவிட்டால் விமானத்தையே விட்டுவிடுவார். அதுவரைக்கும் நான் ஏற மாட்டேன் என்று நானும் சொல்லிவிட்டேன்.

பயிற்சி ஆரம்பித்தது. சொல்லிக்கொடுத்தவர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருக்கிற ஒரு அம்மா. என் வீட்டுக்காரர் தலையில் நீளமான பிளாஸ்டிக் மறைப்பு ஒன்றை மாட்டிவிடுவார். கண்பட்டை கட்டின குதிரை மாதிரி எதிரே இருக்கிற கருவிகள் மட்டும்தான் தெரியும். சாயங்காலம் வீட்டிலும் இவர் அதை மாட்டிக்கொண்டு உட்காருவார். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே நான்தான் கண்ட்ரோல் டவர். மூவாயிரம் அடிக்கு இறங்குங்கள், இடது பக்கம் திரும்புங்கள் என்பேன். விதிப்படி அதை அப்படியே திருப்பிச் சொல்வார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் அவர் ஒப்புக்கொண்டது அந்த மாதங்களில்தான்.

தேர்வுக்கு முன்னால் பறந்தாக வேண்டிய நாற்பது மணி நேரம் முடிந்தது. அந்த அம்மாவே நன்றாக ஓட்டுகிறார் என்று சொல்லிவிட்டார். தேர்வாளர் வருஷத்துக்கு இரண்டு முறைதான் வருவார்; தேதியும் குறித்தாயிற்று. தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் கடைசியாக ஒரு தடவை பறந்தார்கள். பயிற்சியில் முதல் தடவையாக அன்று வானம் மூடியிருந்தது. மனுஷனுக்கு ஒன்றுமே ஓடவில்லை. வலது பக்கம் இழுத்துக்கொண்டே போயிருக்கிறார். யாருக்கும் ஒரு நாள் அப்படித்தான் என்று அந்த அம்மா விட்டுவிட்டார்.

இவர் விடவில்லை. மறுநாள் வேலையிடத்தில் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து இறங்கிக்கொண்டிருந்தாராம். எந்த மாடி என்று எண்ணைப் பார்க்காமலே தெரிந்தது. எப்படித் தெரிகிறது என்று யோசித்தால், ஒவ்வொரு மாடியிலும் கதவிடுக்கு வழியாக வருகிற வெளிச்சக் கோடு. அங்கேயே ஆளுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. விமானத்திலும் அதுதான். ஜன்னல் வழியாக வந்த வெயில், கருவிகளின் மேல் ஒரு கட்டமாக விழும். இறக்கை கொஞ்சம் சாய்ந்தாலும் அந்தக் கட்டம் நகரும். நாற்பது மணி நேரமும் இவர் கருவியைப் பார்க்கவில்லை. தனக்கே தெரியாமல் வெயிலைப் பார்த்து ஓட்டியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னார். எனக்கு முதலில் வந்தது நல்ல புத்தி இல்லை. தேர்வன்று வானிலை எப்படி என்று கேட்டேன். நல்ல வெயில் என்றார். அப்புறம் என்ன, வாயை மூடிக்கொண்டு போய் ஓட்டிக் காட்டிவிட்டு வாருங்கள், பிறகு பழகிக்கொள்ளலாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்காரும் மனுஷனை யார் பார்த்துக்கொண்டிருப்பது.

"பாஸ் ஆயிடுவேன். அதுதான் பயமா இருக்கு," என்றார். "பாஸ் ஆனா நீ நம்பி ஏறி உக்காருவ."

எனக்குக் கோபம் கூட வரவில்லை.

மறுநாள் அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னார். அவர் திட்டவில்லை. தேர்வைத் தள்ளிப்போட்டுவிட்டு, இனிமேல் வெயில் அடித்தால் வீட்டிலேயே இருங்கள், வானம் மூடினால் மட்டும் வாருங்கள் என்றார். ஆறு மாதம் மழைக்கு ஏங்குகிற ஆள் மாதிரி இவர் மேகம் பார்த்தார். முதல் இரண்டு மாதம் போய்விட்டு வந்து பேசவே மாட்டார். விட்டுவிடலாமா என்று ஒரு நாள் கேட்டார். நான் மறைப்பை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு வெங்காயத்தை எடுத்தேன்.

அடுத்த முறை தேர்வாளர் வந்தபோது பாஸ் பண்ணிவிட்டார். சாம்பல் நிற வானம், வெயில் பொட்டுக்கூட இல்லை.

மூன்று வாரம் கழித்து நான் ஏறினேன். இருபது நிமிஷத்தில் மேகத்துக்குள் போனோம். வெளியே அதே வெள்ளை. விமானம் என் பக்கம் சாய்வதை உடம்பு முழுக்க உணர்ந்தேன், சத்தியமாகச் சாய்ந்தது. சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சாயுதுங்க என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கண் கருவியிலிருந்து கருவிக்குப் போய்க்கொண்டே இருந்தது. நெற்றியில் வேர்வை.

"எனக்கும் சாயுற மாதிரிதான் இருக்கு. ஆனா சாயல," என்றார்.

மேகம் முடிந்தபோது எதிரே அடிவானம் சமமாக இருந்தது. நான் சீட்டிலிருந்து கையை எடுத்தேன்.