வேலுத்தாய் தோற்ற பட்டிமன்றம்

மம்சாபுரத்தில் வேலுத்தாயிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் யாரும் கிடையாது. சில்லறை இல்லையென்று பாதி வழியில் இறக்கிவிடப் பார்த்த மினிபஸ் கண்டக்டரும் சரி, ரேஷன் கடையில் அரிசியைத் தட்டிக் கொட்டாமல் சாக்கிலேயே மிச்சம் வைத்த ஆளும் சரி, ஒருமுறை அவளிடம் மாட்டியவர்கள் அடுத்த முறை தூரத்தில் பார்த்தாலே ஒழுங்காகிவிடுவார்கள். கெட்ட வார்த்தை ஒன்று அவள் வாயில் வராது. சுற்றி நிற்பவர்களைச் சிரிக்க வைத்தே எதிராளியைக் கவிழ்த்துவிடுவாள்.

ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு பேண்டேஜ் கம்பெனியில் அவளுக்கு வேலை. வெளுத்து வந்த துணியைச் சுருள் சுருளாகச் சுற்றி உறையில் போட வேண்டும். கை அதுபாட்டுக்குச் சுற்றும், வாய் அதுபாட்டுக்குப் பேசும். அவள் லீவு போட்ட நாளில் மற்ற பெண்கள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மேடைக்கு வந்தது தற்செயல். ஒரு வருடம் ஊர்ப் பொங்கல் விழாப் பட்டிமன்றத்துக்குச் சங்கரன்கோவிலிலிருந்து வரவேண்டிய பெண் பேச்சாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. விழாக் கமிட்டி சங்கையா நேராக வேலுத்தாய் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏ வேலுத்தாயி, ரேசன் கடையில பேசுத பேச்ச மேடையில வந்து பேசு. மைக் இருக்கும். அம்புட்டுதான் வித்தியாசம்."

குடும்பத்தில் அதிகம் விட்டுக்கொடுப்பது ஆணா பெண்ணா என்பது தலைப்பு. வேலுத்தாய் தன் வீட்டுக்காரன் சமுத்திரத்தைப் பற்றி மட்டும்தான் பேசினாள். அவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். ஊரார் வீட்டுப் பீரோவைக் கீறல் படாமல் இறக்குகிற மனிதன் தன் வீட்டில் ஒரு தம்ளரை எடுத்தால் திருப்பி வைக்கும் இடம் தெரியாமல் முழிப்பதை அவள் நடித்துக் காட்டியபோது கூட்டம் குலுங்கியது. முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் சமுத்திரம்தான். அதற்குப் பிறகு சோழபுரம், தேவதானம் என்று சுற்றுப்பட்டு ஊர்த் திருவிழாக்களில் எல்லாம் கூப்பிட்டார்கள். எந்தப் பக்கம் பேசச் சொன்னாலும் அந்தப் பக்கம் ஜெயித்தது.

ஊருக்கு மேற்கே ஒரு கண்மாய் உண்டு. இரண்டு வருட மழையில் அது நிரம்பி, கரையை உயர்த்தி நடைபாதை போட்டு, சிமெண்ட் பெஞ்சும் வைத்த பிறகு ஊரே சாயங்காலம் அங்கேதான். கரைக்குக் கீழே தண்ணீர் விளிம்பில் அகலமான மணல்திட்டு. கடலைப் பார்க்கத் திருச்செந்தூர் வரை போகவேண்டிய ஊர் என்பதால் பிள்ளைகள் அதற்குப் 'பீச்சு' என்று பெயர் வைத்தார்கள். பெரியவர்களுக்கும் அதுவே பழகிவிட்டது. சுண்டல் வண்டி வந்தது, பானிபூரி வந்தது, பின்னாலேயே குப்பையும் வந்தது. பேப்பர் கப், பிரியாணி டப்பா, பீடித் துண்டு. மணலில் கையை விட்டால் சிகரெட் பஞ்சு இல்லாமல் கை வெளியே வராது.

வேலுத்தாயோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவள் ஜாஸ்மின். சின்ன வயது, அதிர்ந்து பேசமாட்டாள். வேலுத்தாய் பேசப் பேச அவள் தலை குனிந்து சிரிப்பதோடு சரி. அவளுடைய மகன் ஆரோனுக்கு அப்போதுதான் நடை பழகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மணலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை சிகரெட் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றுவிட்டான். சற்று நேரத்தில் வாந்தி, கண் சொருகியது. சமுத்திரம் கரையில்தான் இருந்தான். பிள்ளையையும் தாயையும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். அன்றைக்கே பிள்ளை எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டான், ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் ஜாஸ்மினுக்கு ஆறவில்லை. கரையில் யாரும் பீடி சிகரெட் குடிக்கக் கூடாது என்று போர்டு வைக்கவேண்டுமென வீடு வீடாகப் போய்ப் பேச ஆரம்பித்தாள்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. "துண்டக் கீழ போட்டாத்தான தப்பு? குடிச்சா என்ன?" என்றது ஒரு பக்கம். "பஸ் ஸ்டாண்டுல போர்டு இருக்கு. அந்தப் போர்டுல சாஞ்சுக்கிட்டுத்தான் பத்த வைக்கான்" என்று சிரித்தது இன்னொரு பக்கம். டீக்கடையில் இதே பேச்சாகிப் போனதும் சங்கையா ஒரு வழி கண்டுபிடித்தார். காணும் பொங்கல் அன்று ஊரே கரைக்கு வரும். அங்கேயே பட்டிமன்றம் வைத்துவிடலாம். கரைக்குத் தேவை புகைக்குத் தடையா, குப்பைக்கு மட்டும் தடையா? ஊர் எதை ஒத்துக்கொள்கிறதோ அதன்படி போர்டு வைப்பது. மெடிக்கல் ஷாப் வைத்திருந்த இம்மானுவேல் நடுவர்.

தடை கேட்கும் பக்கத்தில் ஜாஸ்மினே பேசுவதாக ஒத்துக்கொண்டாள். எதிர்ப்பக்கம் பேச யாரும் வரவில்லை. புகைக்கிறவர்களுக்குக்கூட மேடையில் ஏறி அதற்காக வாதாட வெட்கமாக இருந்தது. கடைசியில் சங்கையா வேலுத்தாயிடம் வந்தார்.

அவளுக்கு மனசில்லை. மறுநாள் வேலையில் ஜாஸ்மினிடம் சொன்னாள்: "ஏட்டி, நான் இதுல வரலன்னு சொல்லிருதேன். ஒனக்கு எதுத்தாப்ல நின்னு நான் பேசுனா நல்லாவா இருக்கும்?"

ஜாஸ்மின் துணியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. "நீங்க வரலன்னா கூட்டம் வராதுக்கா. கூட்டம் வரலன்னா நான் யார்ட்டப் போயிச் சொல்ல?" என்றாள். பிறகு, "எனக்காக விட்டுக் குடுத்தும் பேசக் கூடாது. அது எனக்குத் தெரிஞ்சிரும்" என்றாள்.

வீட்டில், பீடி குடிக்கிற சமுத்திரத்துக்குத் தலைகால் புரியவில்லை. "கல்யாணம் ஆன நாள்லருந்து இன்னைக்குத்தான்டி என் கட்சிக்கு வந்திருக்க" என்று அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தான். டீயில் சீனி போட மறந்திருந்தான்.

மகள் சிவரஞ்சனிக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிரைப்பு. அதனால் வீட்டுக்குள் பீடி வாடையே வரக்கூடாது என்று சமுத்திரத்தை வெளியே விரட்டியவள் வேலுத்தாய்தான். தெருவில் நின்றான், பக்கத்து வீட்டில் சண்டைக்கு வந்தார்கள். கண்மாய்க் கரைக்குப் போனான். இப்போது அங்கேயும் கூடாது என்றால்? யோசிக்க யோசிக்க வேலுத்தாய்க்குத் தன் பக்கத்தில் நியாயம் இருப்பதாகவே பட்டது. அது அவளுக்குத் தெம்பாக இருந்தது. நம்பாத கட்சிக்குப் பேசிப் பழகியவள்தான், ஆனாலும் நம்பிப் பேசுவது வேறு.

காணும் பொங்கல் அன்று வெயில் இறங்கும் நேரம். மேற்கே மலை மேல் வெளிச்சம் மஞ்சளாகக் கிடந்தது. கரைச் சரிவில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். கரும்புச் சக்கையைத் துப்புவதற்கு அன்றைக்கு மட்டும் எல்லாரும் பை கொண்டுவந்திருந்தார்கள்; பட்டிமன்றத்தில் பெயர் அடிபட்டுவிடக் கூடாதே என்ற பயம்.

வேலுத்தாய் முதலில் எழுந்தாள்.

"நடுவர் அய்யா, எங்க வீட்ல அவிய பீடி குடிப்பாக. அடுப்படியில குடிக்காதீகன்னேன், வாசலுக்குப் போனாக. வாசல்ல குடிக்காதீகன்னேன், தெருவுக்குப் போனாக. தெருவுல பக்கத்து வீட்டு மதினி வெளக்குமாத்தோட வந்தாக. பொறவுதான் கண்மாய்க்கு வந்தாக. இங்கயும் போர்டு வச்சா இனி தண்ணிக்குள்ளதான் எறங்கணும். அவியளுக்கு நீச்சல் தெரியாதுய்யா!"

கரையே சிரித்தது. சமுத்திரம் எழுந்து நின்று கும்பிட்டான். வேலுத்தாய் விடவில்லை. "வெளிய எடமில்லன்னா அந்தப் புகை வீட்டுக்குள்ள வரும். வீட்ல இருக்கது யாரு? நாமதான், நம்ம பிள்ளைகதான். குப்பை போடுதவனப் பிடிங்க. பீடித் துண்டா இருந்தாலும் சரி, பிரியாணி டப்பாவா இருந்தாலும் சரி. துண்டு போடுதவன் மட்டும் குத்தவாளி, டப்பா போடுதவன் நல்லவனா? சேர்த்துக் கேளுங்க" என்று முடித்தபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. குப்பை போட்டுப் பழகியவர்கள் நிறையப் பேர் பாயை இழுத்துச் சரிசெய்துகொண்டார்கள்.

ஜாஸ்மின் மைக்கைப் பிடித்தாள். முதல் இரண்டு வாக்கியம் யாருக்கும் கேட்கவில்லை. "சத்தமா!" என்றார்கள். அவள் எழுதிவைத்திருந்ததை மறந்துவிட்டு வேலுத்தாயின் பக்கம் திரும்பினாள். கூட்டத்திடம் பேசத் தெரியாமல் அவளிடமே பேசினாள்.

"அக்கா, ஒங்க வீட்ல புகை வரக்கூடாதுன்னு நெனைக்கீக. சரிதான். எங்க வீடு தறிக்கொட்டகைக்குப் பின்னால லைன் வீடு. சன்னல் தெறந்தா பஞ்சுத் தூசி. அதனால எப்பவும் சாத்தியே வச்சிருப்போம். எம் பிள்ளைக்குக் காத்துன்னா இந்தக் கரைதான். வேற எடம் கெடையாது. ஒங்க வீட்டுக் காத்தச் சுத்தமா வைக்கணும்னு அண்ணன வெளிய அனுப்புனீக. அனுப்புன எடம் எங்க வீட்டு வாசல்க்கா."

அவ்வளவுதான் பேசினாள். நன்றி சொல்லவும் மறந்து உட்கார்ந்துவிட்டாள். யாரும் கைதட்டவில்லை. பானிபூரி வண்டிக்காரர் அடுப்பைக் குறைத்தார்.

இம்மானுவேல், "வேலுத்தாயி, பதில் சொல்லுதியாம்மா?" என்று கேட்டார்.

வேலுத்தாய் எழுந்தாள். அவளுக்குப் பதில் வராமலில்லை. ரெண்டு மூன்று வந்தன, ஒன்றுக்கு நிச்சயம் சிரிப்பு விழும். ஆனால் ஜாஸ்மின் வீட்டுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறாள். சாத்திய சன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறாள். ஒருநாள்கூட, இது ஏன் சாத்தியிருக்கிறது என்று கேட்டதில்லை.

"பதில் இருக்குய்யா, சொன்னா நீங்களும் கைதட்டுவீக. ஆனா அவ சொன்னதுதான் சரி" என்றாள். "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். விரட்டுங்க, ஆனா போறதுக்கு ஒரு எடத்தக் காட்டிட்டு விரட்டுங்க. கண்மாய்த் தண்ணி வழிஞ்சு ஓடுத மறுகால் பக்கம் பிள்ளைக யாரும் போறதில்ல. அங்க வேப்பமரத்தடியில ஒரு மண்தொட்டி வச்சுக் குடுங்க. நான் எடங்காட்டாம விரட்டுனதாலதான் இம்புட்டு வினையும்."

நடுவர் தீர்ப்பை நீட்டவில்லை. கரையிலும் மணலிலும் புகை கூடாது. மறுகால் வேப்பமரத்தடி புகைக்கிறவர்களுக்கு. குப்பைக்கு எந்தக் கட்சியும் இல்லை. போட்டவரே எடுக்க வேண்டும். கூட்டம் ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொள்ளாத சிலரும் இருட்டும் முன் வீடு போக வேண்டியிருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் சமுத்திரம், "நல்லாத்தான் கட்சிக்கு வந்த. வந்த அன்னைக்கே வித்துட்டியே" என்றான்.

"மறுகால் வரைக்கும் நடங்க. தொப்பை குறையட்டும்."

தோற்றது வருத்தமாக இருக்கிறதா என்று அவன் கேட்டான். வேலுத்தாய் யோசித்துப் பார்த்தாள். ஒரு பாரம் இறங்கினாற்போலத்தான் இருந்தது. எப்போதும் ஜெயிப்பவளுக்கு மற்றவர் பேசுவது பாதிதான் காதில் விழும். அடுத்து என்ன சொல்லலாம் என்பதிலேயே மனசு நிற்கும். அன்று ஜாஸ்மின் பேசியதை அவள் முழுசாகக் கேட்டிருந்தாள்.

எல்லாம் ஒரே நாளில் திருந்திவிடவில்லை. போர்டு வைத்த முதல் வாரமே அதன் காலடியில் சிகரெட் துண்டு கிடந்தது. மண்தொட்டிக்கென்று கிணற்றுக்குப் போடும் சிமெண்ட் உறை ஒன்றைத் தன் வண்டியில் கொண்டுவந்து இறக்கியவன் சமுத்திரம். கொண்டுவந்த உரிமையில் காவலும் அவனே ஆகிவிட்டான். "ஏலே, அங்கிட்டுப் போயிக் குடி. நானே அம்புட்டுத் தூரம் நடக்கேன், ஒனக்கென்ன கால் வலிக்கா?" என்று அவன் அதட்டுவது கரையில் தினமும் கேட்டது. அவன் பீடியை விடவில்லை. நடக்கச் சோம்பல்பட்டு நாளுக்கு ரெண்டு குறைந்திருந்தது, அவ்வளவுதான். டப்பாவும் கப்பும் இன்னும் வந்துகொண்டுதான் இருந்தன. மணலில் மட்டும் பிள்ளைகள் தைரியமாகக் கையை விட்டார்கள்.

அன்றைய பட்டிமன்றத்தை யாரோ செல்போனில் பிடித்து அனுப்பியிருந்தார்கள். அது சுற்றிச் சுற்றித் திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமம் வரை போயிற்று. அவர்களுக்கும் அதே தகராறு. கடற்கரையில் புகை, குப்பை. கோயில் திருவிழாவுக்கு வந்து பேசவேண்டுமென்று இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். யார் எந்தப் பக்கம் என்று சங்கையா கேட்டபோது ஜாஸ்மின்தான் முந்திக்கொண்டாள்.

"இந்தத் தடவ நான் தடை வேண்டாம்னு பேசுதேன்க்கா. அந்தப் பக்கம் நின்னா எப்படி இருக்குன்னு பாக்கணும்."

போய் இறங்கியதும் அவள் மேடைப் பக்கம் போகவில்லை. மணலில் வலை சீர்பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மீனவப் பெண் வலையிலிருந்து பிளாஸ்டிக் பையை உருவி எறிந்துகொண்டே, "எங்க ஆளுவ கரையில இருந்துதான் வலை பின்னுவாவ, பீடி குடிப்பாவ. இது அவியளுக்கு வேலை செய்யுத எடம் தாயி. துண்டக் காதுல சொருகிக்கிட்டுப் போவாவ. இந்தப் பையெல்லாம் யாரு போட்டது? பீச்சுப் பாக்க வந்தவிய போட்டது" என்றாள். ஜாஸ்மின் அதை வாங்கி மனசுக்குள் வைத்துக்கொண்டாள். நேருக்கு நேர் மோத ஆள் தயாராகிவிட்டது என்று வேலுத்தாய்க்குப் புரிந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஆரோனைத் தூக்கிக்கொண்டு வேலுத்தாய் தண்ணீருக்குள் இறங்கினாள். அலை வந்து முழங்கால் வரை சேலையை நனைத்தது. பிள்ளை முதலில் அவள் கழுத்தை இறுக்கிக்கொண்டான், பிறகு இன்னொரு அலை கேட்டான். மேடையில் ஒலிபெருக்கி இரண்டு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

"அக்கா, கூப்புடுதாக!" என்றாள் ஜாஸ்மின் கரையிலிருந்து.

"வாரேன்னு சொல்லு. செத்த நேரம் நடுவரப் பேசச் சொல்லு" என்றாள் வேலுத்தாய். அடுத்த அலைக்குப் பிள்ளையை உயரத் தூக்கினாள்.